வகுப்பு நான்கு

ஐந்து நாளைக்கு ஒருமுறை
கடாரிஃப் மேல் வருகிறது.
காலை பத்தரை. நின்று பார்ப்பதில்லை.
எழுநூற்று எண்பது கிலோமீட்டர் உயரத்தில் போகிறபோக்கில்
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு நிறம்.

போர்ட் சூடானில்
மின்சாரம் இருக்கும் மணிகளில்
நான் கட்டங்களுக்குப் பெயர் வைக்கிறேன்.
ஒன்று, சோளம். இரண்டு, எள்.
மூன்று, தரிசு.
நான்கு, அறுவடை முடிந்தது.

ஜூலை, ஆகஸ்டு முழுக்க மேகம்.
ரேடாரை வைத்துத் தடவித் தடவிப் படித்தேன்
இருட்டில் சட்டைப் பொத்தானைத் தேடுகிறவள் மாதிரி.

செப்டம்பரில் வானம் திறந்தது.
அகச்சிவப்பில், உயிருள்ள இலை சிவப்பு.
போன வருடம் எள் நின்ற இடத்தில்
பாதிக்குப் பாதி சோளம்.
வியக்க ஒன்றுமில்லை.
சண்டை நடக்கிற ஊரில்
விற்கிற விதையைவிடத் தின்கிற விதை பெரியது.
எத்தனை சதவீதம் என்றார் சுஹைர்.
எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்க வேண்டும் அவருக்கு.
நாற்பத்தொன்று என்றேன்.

நவம்பர் எட்டு.
ரஹத் ஆற்றுக்குத் தெற்கே
மிச்சமிருந்த சிவப்பெல்லாம் ஒரே வாரத்தில் சாம்பல்.
இலை போயிற்று, கரிசல் தெரிகிறது.
நான்கு.
பன்னிரண்டாயிரம் ஃபெத்தான் நிலம், நான்கு.
அறிக்கை போயிற்று.
எங்கோ ஒரு தலைநகரிலிருந்து
நன்றி என்று இரண்டு வரி வந்தது.

கள விவரத்துக்கு ராபிஹாவை அழைத்தேன்.
மூன்று நாள் கிடைக்கவில்லை.
நாலாம் நாள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று
பேசினாள்.

அறுவடையா? யார் அறுத்தது?
எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வரவில்லை.
நூபா மலைப் பையன்கள் வழியில் எங்கேயோ.
இங்கே இருந்தவர்களும்
எள் விழ இடமில்லாத லாரியில்
கஸலாவுக்குப் போய்விட்டார்கள்.
எள் காத்திருக்காது, பெண்ணே.
காய் வாயைத் திறந்தால் திறந்ததுதான்.
ராத்திரி காற்றில் வயல் முழுக்கச் சத்தம்.
மழை என்று நினைத்துக்
கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டேன்.

அப்புறம் தொடர்பு அறுந்தது.

படத்தைத் திரும்பத் திறந்தேன். பெரிதாக்கினேன்.
பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும்.
அறுத்த வயலும் உதிர்ந்த வயலும்
ஒரே சாம்பல்.
எள்ளளவுதான் வித்தியாசம்.
அந்த எள்ளளவு
என் கட்டத்துக்குள் அடங்காது.

திருத்தம் அனுப்ப வேண்டும் என்றேன்.
ஆதாரம் என்ன, வேறு படமா? என்றார் சுஹைர்.
ஒரு சத்தம் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
ரொம்ப நேரம் துடைத்தார்.
பக்கம் பதினேழின் அடியில்
சின்ன எழுத்தில் ஒரு குறிப்பாக
அது போயிற்று.

இது அடுத்த ஆகஸ்டு.
ராபிஹாவின் எண்ணில் ஆள் இல்லை.
இன்று இரண்டு மேகங்களுக்கு நடுவே
ஒரே ஒரு கிழிசல்.
அதன் வழியாகத் தெரிகிறது,
டிராக்டர் போகாத நிலத்தில், உழவில்லாமல்,
சிவப்பு.
வரப்புக்கு அடங்கவில்லை.
லாரிகள் போன பாதையிலும் முளைத்திருக்கிறது,
காலி வீடுகளின் வாசல்வரைக்கும்.

இரண்டு, என்கிறது கணினி.
தொண்ணூற்று மூன்று சதவீதம் நிச்சயமாம்.
எள்தான், மறுக்கவில்லை.
சாகுபடிப் பரப்பு என்ற கட்டத்தில்
இதைச் சேர்ப்பதா?
யாருடைய சாகுபடி?

பட்டியலில் ஐந்து என்று ஒரு வரி கூட்டினேன்.
எண் ஏறிவிட்டது.
பெயர் எழுதும் இடத்தில்
கோடு மட்டும் மினுங்குகிறது.
மின்சாரம் போக இருபது நிமிடம்.
மறுபடி அது வருவது
வியாழன், காலை பத்தரை.