இன்னும் ஒரு கேள்வி

கோரஸில் இரண்டாம் வரிசை, இடப்பக்கக் கடைசி ஆள் நான்.
மற்ற நாட்களில் ஏகினாத் துறையில் வெங்காயம் விற்பவன்.

கலங்கரை விளக்கை அணையவிட்டவன் எவனோ
அவனைக் கடலில் எறிவேன் என்று
சத்தியம் செய்கிறான் அரசன்.
ஒன்பது கப்பல்கள் பாறையில் உடைந்திருக்கின்றன.
தெக்ஸியாஸ்தான் அரசன். கடைவாய்ப் பல் வலியோடு
முகமூடிக்குள் முழங்குகிறான்.

கெட்டவனென்றால் கல்படிகளில் கூட்டம்
அத்திப்பழம் தின்றுகொண்டே சிரித்திருக்கும்.
மகானென்றால் தெய்வத்தை ஏசிவிட்டு எழுந்து போயிருக்கும்.
இவனோ அந்தக் குளிர்காலத்தில்
பிள்ளை பெற்ற வீடுகள் இருட்டில் கிடக்கக் கூடாதென்று
எண்ணெய் கொடுக்கச் சொன்னவன்.
எந்தக் குடத்திலிருந்து என்று
அன்றைக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விளக்குக் காவலன் காலைப் பிடிக்கிறான்:
"போதும் அரசே, இதோடு விடுங்கள்."
நாங்கள் பதினைந்து பேரும் அதையே பாடுகிறோம்.
முடிவு எல்லாருக்கும் தெரியும்.
அரண்மனைக் கதவு திறந்தே இருக்கிறது,
திரும்பி உள்ளே போகலாம்.
ஒவ்வொரு தடவையும்
ஒரு மூச்சு நேரம்
போய்விடுவான் என்றே நம்பித் தொலைக்கிறேன்.

"எந்தக் குடம்?" என்கிறான்.

ஆட்டம் முடிந்ததும் தெக்ஸியாஸ்
உப்புநீர் கொப்பளித்துத் துப்பினான்.
நான் வீட்டுக்கு நடந்தேன்.
மெலித்தா விளக்கேந்தி வாசலில் நின்றாள்,
அந்தக் கையில்
நேற்றில்லாத ஒரு வளையல்.

வாயெடுத்தேன்.
"கூட்டம் நிறையவா?" என்றாள்.
"நிறைய" என்று சொல்லிச்
சாப்பிட உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி
யாரும் நாடகம் எழுதப்போவதில்லை.