உயரப் பந்து

டெல்பினுக்கு நாங்கள் வைத்த பேர் வவ்வால்.
கம்பத்துக்குக் கம்பம் பறப்பான்.
இனயம் கடற்கரையில்
கோயில் மதிலுக்கும் கல்சுவருக்கும் நடுவே எங்கள் மைதானம்.

தடைக்காலம் முடிந்து
படகுகள் போன மறுவாரம்
முதல் கோல் அவன் தலைக்கு மேலே போனது.
கை தூக்கவே இல்லை.
வெயில், என்றோம்.
அன்றைக்கு வெயில் இல்லை.

பிறகு இரண்டாவது, மூன்றாவது.
தரையோடு வரும் பந்தை அப்போதும்
நெஞ்சோடு அமுக்கிப் படுத்துவிடுவான்.
உயர வந்தால் மட்டும்
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நின்றான்.
பயந்தாங்கொள்ளி என்று
முதலில் சொன்னது நான்.
நான் ரைட் பேக். பழி யார்மேலாவது விழவேண்டும்.

எல்லாம் கண்முன்னே நடந்தவைதான்.
மணிக்கூண்டுக்குக் கீழே நின்றுகொண்டு
என்னிடம் மணி கேட்டான்.
பூசையில் அப்பம் உயர்த்தும்போது
கண்ணைத் தூக்காமல் தாடையைத் தூக்கினான்.
"பக்தி முத்திப் போச்சு லேய்" என்று
முழங்காலில் இருந்தபடியே சிரித்தோம்.
எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி.
பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் தெளிந்துவிடும்.
தெளிந்துவிடுகிற வலியை யார் நோய் என்பார்கள்?

அவன் அம்மை சலேத்தம்மாள்
பித்தம் என்று சுக்குவெள்ளம் போட்டாள்.
கண்ணேறு என்று மிளகாய்வற்றல் சுற்றினாள்.
கடைசியில் செல்போன்தான் என்று
பிடுங்கி அரிசிப்பானைக்குள் ஒளித்தாள்.
தகப்பன் லட்சத்தீவுக்கும் அப்பால்,
நாற்பது நாள் தங்கலில்.

கண்ணாடி போட்டால் தீரும் என்று
கருங்கல்லுக்குக் கூட்டிப்போனேன், மாமாவின் ஸ்கூட்டியில்.
பெட்ரோல் காசை அவனிடமே வாங்கினேன்.

கடைசி வரி வரை தட்டாமல் வாசித்தான்.
பிறைட்டா அக்கா பேனாவை எடுத்தாள்.
தலையை ஆட்டாதே, கண்ணால மட்டும் பின்னால வா.
இடது. வலது. கீழே.
மேலே

பாதி தூரத்தில் அவன் கண் நின்றுவிட்டது,
மணலில் அடிதட்டிய வள்ளம்போல்.
இன்னொரு தரம், என்றாள்.
இன்னொரு தரம்.
பேனாவை மூட மறந்து
பில் புத்தகத்தின் பின்பக்கம் நாலு வரி எழுதினாள்.
"ஆசாரிபள்ளத்துக்குப் போங்க.
நாளைக்கி இல்ல. இப்பம்."

படத்தில் அது பயறு மணி அளவு,
மூளையின் நட்டநடுவில்.
அபூர்வம்தான் என்றார் டாக்டர்,
வந்தால் பெரும்பாலும் இந்த வயசுப் பையன்களுக்கு.
நீர் இறங்கும் வழியை அடைத்திருக்கிறது, அதுதான் வலி.
மேலே பார்க்கிற இடத்தை அழுத்துகிறது, அதுதான் கண்.
சலேத்தம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"சுக்குவெள்ளம் குடுத்ததுனாலயா?"

கடலுக்குச் சொன்னபோது
கண்ணில் சின்னதாக என்னவோ என்று மட்டும் சொன்னார்கள்.
இரைச்சலில் தகப்பன் என்ன கேட்டார் என்று
இதுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது திருவனந்தபுரத்தில் இருக்கிறான்.
கதிர் வைக்கிறார்கள். மயிர் உதிர்ந்துவிட்டது.
கதிருக்கு அடங்குகிற வகை என்றார்களாம்.
அடங்குகிற வகை, அடங்குகிற வகை என்று
மீன் ஏலத்தில் நிற்பவர்கள்கூடச் சொல்கிறார்கள்.

நேற்று வீடியோவில் வந்தான்.
"மேல ஃபேன் ஓடுகு லேய், பாத்தேன்" என்றான்.
போனை நெற்றிக்கு நெருக்கிப் பிடித்திருந்தான்.
கண்ணால் பார்த்தானா, தாடையைத் தூக்கியா,
எனக்குத் தெரியவில்லை.
கேட்கவும் இல்லை.

இன்றைக்குக் குறும்பனைக்காரர்களோடு ஆட்டம்.
கம்பத்தில் நான், அவன் கையுறை மாட்டிக்கொண்டு.
உள்ளே இன்னும் அவன் வேர்வை நாற்றம்.
கார்னரிலிருந்து உயர வருகிறது பந்து.
அண்ணாந்து பார்க்கிறேன்.
தையல்கூடத் தெரிகிறது.
என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

வலைக்குள் கிடக்கிறது.
பயந்தாங்கொள்ளி, என்று எவனோ கத்துகிறான்.

என்னைச் சொல்லலாம்.