நாலு கட்டம்

ஐப்பசி ஏழு. உள்ளான்கள் விடியக் காத்திருக்கவில்லை.
வெளிச்சம் வருமுன்பே சேறு முழுக்கக்
குத்திக் குத்தித் தையல் ஓட்டியிருந்தன.

கோடிக்கரையில் கோடி என்றால்
நிலம் தீரும் மூலை.
என் கையில் உள்ள எண்ணும் கருவிக்கோ
நாலே கட்டம்.
பத்தாயிரமாவது அழுத்தத்தில்
நாலு சுழியம் என்னை விழித்துப் பார்க்கும்.
அதனால் பத்துப் பத்தாக எண்ணுகிறேன்.
கட்டைவிரல் ஒருமுறை தாழ்ந்தால்
பத்து உயிர்.

உப்புக் குவியல்களுக்குக் கீற்று மூட வந்த வேதையன்
வரப்பிலேயே நின்று கேட்டார்:
"எங்கேர்ந்து வருதுவ?"
"சைபீரியா."
"எடை?"
"அந்தக் குட்டி இருபத்தஞ்சு கிராம். கோழிமுட்டையில பாதி."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"வாய்க்கால்லேர்ந்து பாத்திக்குத் தண்ணி ஏத்தவே
நம்ம எஞ்சின் நாலு லிட்டர் டீசல் குடிக்குது"
என்றார், எஞ்சினைக் குறை சொல்கிற மாதிரியும் இல்லாமல்.

அப்போதுதான் அது.
கொசு உள்ளான், இடது காலில் மஞ்சள் பட்டை.
தொலைநோக்கியைத் திருகினேன்.
ஜே.
அடுத்தது டி.
மூன்றாவது எழுத்தில் நம்மூர்ச் சேறு.
ஒரு செங்கால் உள்ளான் குறுக்கே வந்து நின்று
நிதானமாகச் சிறகு கோதியது.
நகரு, என்றேன். நகரேன்.
பன்னிரண்டு நிமிடம்.

பைரி வந்த திசையை நான் பார்க்கவில்லை.
சேறே எழுந்து பறந்ததுபோல இருந்தது.
ஒருமுறை திரும்பியதில் எல்லாம் கறுப்பு,
மறுமுறை எல்லாம் வெள்ளை.
நான் எண்ணியவையும் எண்ணாதவையும்
ஒன்றோடொன்று கலந்துவிட்டன.
கருவியில் 0412 அப்படியே நின்றது,
வண்டி போன பிறகும் கையிலிருக்கும் பயணச்சீட்டாக.

"போச்சா?" என்றார் வேதையன்.
கிழக்கே கடலுக்கு மேல் மழை இருண்டது.
பதிலுக்குக் காத்திராமல்
கீற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

படிவத்தில் ஜே, டி, கேள்விக்குறி.
அந்தப் பட்டையை மாட்டியவர் யாரோ,
உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டதை
மறந்திருக்க மாட்டார்.
அவருக்கு நான் அனுப்பப்போவது
மூன்றில் இரண்டு எழுத்து.

தொலைவில், உப்பங்கழிக்கு அப்பால்,
இறங்குகின்றன.
எல்லாமா என்று தெரியவில்லை.
கருவியின் பக்கத்துத் திருகைச் சுற்றினேன்.
முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது.
துடைத்தேன்.
இடது ஓரம்.
பத்து.