பாதி வதக்கலில்

பார்சலில் வந்த கட்டைப் பிரித்தேன்.
தூண்டிலுக்குப் போடும் தங்கூசி மாதிரி
சாம்பல் பூத்த சுருள்,
உலுக்கினால் வளையல் பெட்டிச் சத்தம்.
சீனிக்கிழங்கு மாவில் செய்ததாம்.
கொரியாவில் பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும்
இது இல்லாமல் பந்தி இல்லையாம்.

அசனார் கடையில் கால் கிலோ கேட்டேன்.
எலும்பு வேண்டாம், கொழுப்பு வேண்டாம்,
சுண்டுவிரல் நீளம், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடி.
கத்தியைக் கட்டையில் சாய்த்துவிட்டார்.
"ஏம்மா, இது கறி வைக்கவா, பல்லு குத்தவா?"
மேலப்பாளையத்தில் மாட்டுக்கறி கேட்டு
நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.
துண்டமாகவே வாங்கி வந்து
ஐஸ்பெட்டியில் விறைக்க வைத்து
நானே அரிந்தேன். முதல் பத்து கோணல்.

அஸர் தொழுது எழுந்ததும் அழைப்பு.
இங்கே ஐந்து, அங்கே எட்டரை.
சீனி டப்பாவில் போனைச் சாய்த்தேன்.
அவருக்குப் பின்னால் இரும்புக் கட்டில்,
நாலு பேர் துண்டு, ஒரே கொடியில்.
பகலெல்லாம் கப்பலுக்கு வெல்டிங் வைத்த கண்
சிவந்தே இருக்கிறது.

"வெந்நீர்ல போடு. ஆறு நிமிஷம். எண்ணு."
எண்ணினேன். சாம்பல் கழன்று
இழை இழையாய்த் தெளிந்தது.
யூனுஸ் ஒன்றை உருவிக் கண்ணில் பிடித்தான்.
"உம்மா, வாப்பா வளைஞ்சு தெரியுறாங்க."

"கேரட் தனியா வதக்கு, வெங்காயம் தனியா,
காளான் தனியா, கீரை தனியா.
மிசூக் அக்கா அப்படித்தான் செய்வாங்க.
கடைசி வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு சேரப்படாது."
அஞ்சு தடவை சட்டி கழுவ
மிசூக் அக்காவுக்கு ஆள் இருக்கும்.
இது மூன்றாவது முறை அந்தப் பேர்.
"வயசு என்ன அவங்களுக்கு?"
"அறுபத்திரெண்டு."
சரி என்று கேரட்டைத் திருப்பினேன்.

கறியைச் சட்டியில் கொட்டியதும்
சீறிய சத்தத்துக்குப் போனருகே குனிந்தார்.
"ஒண்ணு சொல்லவா?
கறி போட்டு நான் இதைச் சாப்பிட்டதே இல்ல.
இங்க கேன்டீன் கறி ஹலால் இல்லைல்லா,
எனக்குன்னு கறி போடாம
ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைப்பாங்க.
முழுசா எப்படி இருக்கும்னு
நீதான் தின்னுட்டுச் சொல்லணும்."

கரண்டி நின்றது.
மூன்று வருஷம், இதையும்
காளானும் கேரட்டுமாகத்தான் தின்றிருக்கிறார்.
என்ன சொல்ல என்று தேடுவதற்குள்
கரண்ட் போயிற்று, வைஃபை செத்தது.
"சீனி ரெண்டு..." என்ற இடத்தில்
வாய் திறந்தபடி உறைந்துவிட்டார் மச்சான்.

ரெண்டு என்றால் கரண்டியா, சிட்டிகையா?
சோயா சாஸ் உப்பாக இருந்தது.
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.
உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டு நுணுக்கினேன்.
பச்சைமிளகாய் இரண்டைக் கீறினேன்.
எள்ளை வறுத்து நல்லெண்ணெயில் போட்டதும்
மாடிப்படி வரை மணம்.
அப்புறம் கை தானாகப் போயிற்று,
கறிவேப்பிலை ஒரு கொத்து.
எல்லாவற்றையும் ஒன்றாய்ப் புரட்டினேன்,
மிசூக் அக்கா மன்னிக்கட்டும்.

நின்றபடியே ஒரு வாய்.
வழுக்கியது, கன்னத்தில் அடித்தது,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இழுபட்டது.
இனிப்பு முதலில், அப்புறம் எள்,
கறி கடைசியில், மெதுவாக.
யூனுஸ் ஒரு இழையை மூக்குவரை உறிஞ்சி
இரண்டாம் தட்டு கேட்டான்.

மஃரிப் பாங்குக்குக் கரண்ட் வந்தது. அவரும் வந்தார்.
"எப்படி இருக்கு?"
"நீங்க சொன்ன மாதிரியேதான்."
"கறி?"
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
"வழுக்குற இடத்துல பிடிச்சுக்கிடுது."
சிரித்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
"பல்லுல என்னட்டி பச்சையா?"
"கீரை."

காலையில் திறந்தால் மிச்சம் எல்லாம்
வெளுத்து, விறைத்து, கட்டிதட்டிக் கிடந்தது.
கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.
சட்டியில் ஒரு புரட்டு.
மறுபடியும் தெளிந்தது.
யூனுஸின் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன்.
கறிவேப்பிலையைப் பொறுக்கவில்லை.