முக்கால் வெள்ளி

ஸ்கோப்பின் கழுத்தில் இரண்டு தழும்பு.
வளையம் கடித்தது.
போன ஞாயிறு பந்தயத்தில்
ஐந்து குண்டும் ஐந்து ஊருக்குப் போயின.
கண்ணாடி மாத்து ஸ்டெல்லா என்றார்கள்,
நானும் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்
நேற்று ராத்திரி கழற்றிப் பார்க்கும் வரை.

இன்றைக்கு எனக்கு வார லீவு.
தண்டையார்பேட்டை, இரண்டாம் மாடி, சமையல் மேடை.
ரேஷன் அரிசிப் பை இரண்டுக்கு நடுவே
என் ஏர் ரைஃபிள்,
ஜுரக்காரி மாதிரி படுத்திருக்கிறது.
காலியா என்று மூன்று தரம் பார்த்தாயிற்று.

உருளை, ஒர்க்‌ஷாப் லேத்தில்
சாப்பாட்டு நேரத்தில் நானே கடைந்தது.
சரியாக ஓரங்குலம்.
மைக்ரோமீட்டருக்குத் தெரியும்,
ஃபோர்மேனுக்குத் தெரியாது.
வால்வு பேஸ்ட், லாரி மெக்கானிக் ஹயாத்திடம் இரவல்;
பல்பொடி டப்பாவில் போட்டுக் கொடுத்தான்.
டப்பா மேல் 'பல்லுக்கு அல்ல' என்று
பெரிதாய் எழுதினேன்.
வீட்டில் ஒருத்தர்
எண்ணூர் அனல் மின் நிலையத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து
எதைக் கண்டாலும் பல் தேய்ப்பார்.

முன் வளையத்துக்கு நகப்பூச்சில் ஒரு புள்ளி,
பின்னதுக்கு இரண்டு.
மூடி மாறினால் அத்தனையும் வீண்.

தள்ளு, இழு, கொஞ்சம் திருப்பு.
ஸ்ர்ர்க். ஸ்ர்ர்க்.
"எலியா?" என்றது பாயில் இருந்து ஒரு குரல்.
"ஆமா, தூங்கு."
ஸ்ர்ர்க்.

துடைத்துப் பார்த்தேன்.
கறுப்பு வளையத்தின் உள்ளே
ஓர் ஓரத்தில் மட்டும் நகக்கீறல் அளவு வெள்ளி.
அங்கேதான் மேடு. அங்கேதான் இத்தனை நாள்
குழாய் வலியைப் பொறுத்துக்கொண்டு
நேராக இருப்பதுபோல் நடித்தது.
மறுபடி பேஸ்ட்.
ஒரு மணி நேரத்தில் வெள்ளி பரவியது,
கழுவாத தட்டில் வெயில் ஏறுகிற மாதிரி.

முழுக்க வெள்ளியாக்க ஆசை வந்தது.
கை கேட்கவில்லை, நான்தான் பிடித்து நிறுத்தினேன்.
முக்கால் போதும்.
இன்னும் தேய்த்தால் வளையம் பெரிசாகி
மூடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும்;
பிறகு எதை முறுக்கினாலும் பிடிக்காது.
பதினோரு வருஷமாய்
அவர் வரும்போது நான் கிளம்புகிறேன்.
வாசலில் ஒரு நிமிஷம், சாவி கைமாறும்.
பிடித்திருக்கிறது.

மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து,
ஸ்கோப்பை உட்கார வைத்தேன்.
திருகுகளை லாரி சக்கரம் போல எதிரும் புதிருமாய்,
லேசாகத்தான்.
ரைஃபிளுக்கு ரசமட்டம் சரி சொல்லிற்று.
இனி உள்ளே இருக்கும் மயிர்க்கோடு
செங்குத்தாய் நிற்க வேண்டும்.
எதை வைத்துப் பார்ப்பது?
ஜன்னல் சட்டம் கோணல்.
கரண்ட் கம்பம் புயலுக்குப் பிறகு
டீக்கடைப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது.
எதிர்வீட்டுச் சுவருக்கு வயிறு.

அப்போது தண்ணி லாரி வந்தது.
எதிர் மாடியில் லூர்துமேரி
கயிற்றில் கட்டி மஞ்சள் குடத்தை இழுக்கிறாள்.
பாதியில் கை மாற்ற நின்றாள்.
குடம் ஆடி ஆடி அடங்கியது.
கயிறு நின்றது, இந்தத் தெருவிலேயே நேரான ஒன்று.

நான் ஸ்கோப்பில் கண் வைத்தேன்.
அவளும் பார்த்துவிட்டாள்.

"ஏய்! துப்பாக்கிய யாருகிட்ட நீட்ற?
எறங்கி வந்தேன்னா தெரியும் சேதி!"
நியாயம்தான்.
குண்டில்லாத குழலும் குழல்தான்.
ரைஃபிளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து
தலையை வெளியே நீட்டி விளக்கம் சொன்னேன்.
தெருவே அண்ணாந்து கேட்டது.

"அப்ப என் கயிறு தேவைப்படுதா ஒனக்கு?"

சாயங்காலம் அவளே வந்தாள்,
ஈரக் கயிறும் அம்மிக்குழவியுமாய்.
மொட்டை மாடியில்
தண்ணித் தொட்டிக் குழாயில் தொங்கவிட்டாள்.
"இப்ப பாரு. மனுசங்க இல்லாத பக்கம்."

கயிற்றின் மேல் கோடு படிந்தது.
முறுக்கினேன். கால் சுற்று, கால் சுற்று.
இரண்டு பக்கமும் ஒரே இடுக்கு,
தாள் நுழையும் அளவு.

அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
"என் குழவிதான் தெரியுது" என்றாள்,
கொஞ்சம் பெருமையாய்.

ஞாயிறு என்ன ஆகுமோ.
கீழே பல் தேய்க்கிற சத்தம் கேட்கிறது.
டப்பாவை எங்கே வைத்தேன்?