குடக்கூலி

க்ரோனிங்கனில் எட்டு மணிக்கும் விடியாத ஜனவரி.
மழையில் ஊறிய சைக்கிளைக் கம்பியில் பூட்டிவிட்டு
மருத்துவமனைப் பின்வாசலில் மணி அடிப்பான்
முப்பத்தொன்று.
பெயர் ஃபோக்கோ. எனக்குத் தெரியும்,
பேரேட்டுக்குத் தெரியாது.

பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து நீட்டுவான்,
பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்தவன் மாதிரி.
"இன்னும் சூடு ஆறவில்லை."
இரண்டு வருடமாக அதே நகைச்சுவை.
இரண்டு வருடமாக நானும் சிரிக்கிறேன்.

மலம் தானம் தர வருகிறவர்களில்
தேறுகிறவர் மிகச் சிலர்.
ஒருவன் போன மாதம்தான் பாலித் தீவிலிருந்து திரும்பியவன்.
ஒருத்திக்கு ஒற்றைத் தலைவலி.
மராத்தான் ஓடும் வழக்கறிஞர், பல்லெல்லாம் பளிச்,
அவர் குடலில் அவருக்கே தெரியாமல்
எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமி.
ஃபோக்கோ கால்வாய்ப் படகுகளுக்கு வண்ணம் அடிப்பவன்.
கறுத்த ரை ரொட்டி, கரண்டி நிற்கும் பட்டாணிக் கஞ்சி,
புளித்த முட்டைக்கோஸ்.
"உடம்புக்கு நல்லதென்றா தின்கிறேன்? விலை குறைவு"
என்றான் நேர்காணலில்.

எடை, நூற்று நாற்பது கிராம்.
உப்புநீர். சல்லடை.
மூச்சைப் பிடித்துக்கொள்வதை
முதல் வாரத்தோடு விட்டுவிட்டேன்.
பழுப்பாய் அது வடியும்போது
ஒரு ஊரே காலிசெய்து நடப்பதாகத் தோன்றும்,
கோடிகோடியாய் ஒண்டுக்குடித்தனக்காரர்கள்
பாத்திரம் பண்டம் ஏதுமில்லாமல்.
அவனுக்குச் செரிக்காத நாரைத் தின்று
பெருங்குடல் சுவருக்கு
அமிலமாய்க் குடக்கூலி கட்டியவர்கள்.
அந்தக் கூலியில்தான் சுவர் பசியாறுகிறது.
வீட்டுக்கே சோறு போடும் குடித்தனம்
வேறெங்கே உண்டு?

மூன்றாம் மாடியில் வொப்பினா, எழுபத்தொன்பது.
இடுப்பு அறுவைக்குப் பின் கொடுத்த மாத்திரை
ஒரு திருடனைத் தேடி வந்து
தெருவையே கொளுத்திவிட்டுப் போனது.
காலி மனையில் ஒரே ஒரு ரவுடி குடியேறினான்.
நாளுக்குப் பதினான்கு முறை கழிப்பறை.
மருந்து கொடுத்தால் வித்தாய்ச் சுருண்டு படுப்பான்,
மருந்து நின்றதும் எழுவான்.
நாலாம் முறை அவன் எழுந்தபோது
மகளிடம் சொல்லியிருக்கிறாள்,
நாய்க்கு வேறு வீடு பார் என்று.

மூக்கு வழியே குழாய்.
மருத்துவர் நெளிந்துகொண்டே விளக்க ஆரம்பிக்க,
"தம்பி, ஐம்பது வருடம் மாட்டுப்பண்ணை வைத்திருந்தேன்.
எருவைப் பற்றி எனக்கா சொல்கிறாய்?" என்றாளாம்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள்.
ஐந்தாம் நாள் கடுகு சூப்.
அப்புறம் மகள் வியந்து சொன்னது:
அம்மா தொடாத கறுப்பு ரொட்டியைக் கேட்கிறாள்.
தற்செயல் என்று எழுதினேன்.
தற்செயல்தான்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார்.
சர்க்கரைக்கும் இது மருந்தா? மூட்டுவலிக்கு? மனச்சோர்வுக்கு?
தெரியாது என்றேன், மூன்றுக்கும்.
அதை மட்டும் அவர் குறித்துக்கொள்ளவில்லை.

இன்று ஃபோக்கோவின் கன்னம் வீங்கியிருந்தது.
"கடைவாய்ப் பல். ஏழு நாள் மாத்திரை, நேற்றே தொடங்கியாயிற்று.
சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தேன்."
சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்.
மாதங்கள் கழித்துப் பார்க்கலாம் என்று
கோப்பில் கோடு இழுத்தேன்.
அவன் தெரு இந்நேரம் புகைந்துகொண்டிருக்கும்.
கையுறையை மாட்டியபடியே கேட்டான்:
"நான் கொடுத்ததெல்லாம்... யாருக்காவது?"
விதி இருக்கிறது. தந்தவரும் பெற்றவரும்
ஒருவரை ஒருவர் அறியக் கூடாது.
"மழை விட்டிருக்கிறது" என்றேன்.
தலையாட்டினான், பதில் கிடைத்தவன் போல.

உறைபெட்டியில், மைனஸ் எண்பதில்,
அவன் எண் ஒட்டிய பதினொரு குப்பிகள்.
டெல்ஃப்ஸைலில், கடலணை மேல்,
எதிர்காற்றில் நாயை இழுத்துக்கொண்டு நடக்கிறது
அவன் ஊர்.

மேசையில் பழக்கத்தில் விட்டுப்போன டப்பா.
திறந்து பார்த்தேன்.
கழுவித் துடைத்து வைத்திருக்கிறான்.