மாதிரிக்கு இரண்டு

புளியரை சாவடிக்கு
மாதிரிக்கு இரண்டு டேப்லெட் வந்தன.
ஒன்று வெற்றிலை.
இன்னொன்று அம்மிக்குழவிக்குத் தம்பி.
எது வேண்டும், ஒரே வரியில் எழுதியனுப்பு
என்றது மாவட்ட அலுவலகம்.

உதுமான் மைதீன் வெற்றிலைக் கட்சி.
"எட்டு மணி நேரம் ஏந்திக்கொண்டு நிற்கிற
மணிக்கட்டை யாராவது கேட்டார்களா?"
நான் குழவிக் கட்சி.
முதுகைக் கழற்றி வேறு பேட்டரி போடலாம்.
உம்முடையதில் பசை வைத்து அடைத்துவிட்டார்கள்,
பேட்டரிக்குக் கருமாதி என்றால்
மொத்தத்துக்கும் கருமாதி.

"திரை?" என்றார்.
அங்கே தோற்றேன்.
சொரசொரப்புக் கண்ணாடி, வெயிலில் கூசாது,
ஆனால் எழுத்தெல்லாம்
தூங்கி எழுந்த முகம்.

எட்டு மணிக்குச் சாரல்.
புனலூரிலிருந்து திரும்பும் கோழி லாரி,
காலிக் கூண்டுகள், மருந்து தெளித்த கை.
தொட்டேன்.
இரண்டுக்கும் என் விரலைத் தெரியவில்லை.
துளியைத்தான் விரல் என்று நம்பின:
அறுபது கூண்டை அறுநூறாக்கியது
வெற்றிலைமேல் விழுந்த ஒன்று.
குழவி, மலைக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்து
மலையாளத்தில் என்னை வரவேற்றது.

டிரைவர் பொன்னச்சன் எட்டிப் பார்த்தார்.
"சேச்சி, இதுக்கு ஒரு பட்டன்
வெச்சிருக்கலாமே."

உதுமானும் நானும்
அன்றைக்கு முதன்முறையாக ஒன்றும் பேசவில்லை.

கூண்டுக் கணக்கை
லாரிச் சீட்டின் பின்புறம் பென்சிலால் எழுதினேன்.
ஈரத்தில் கொஞ்சம் கிழிந்தது.
ஒரு வரிக்கான கட்டம் இன்னும் காலி.
சட்டை நுனியை இழுத்துக்கொண்டு
எதை முதலில் துடைப்பது என்று
நிற்கிறார் உதுமான்.